அது நான்தான்

குற்றாலம்,
29.06.2025

என் அருமை மகள் ரூபிக்கு,

கர்த்தர் கிருபையால சாரல் இந்த வருஷம் நேரத்துக்கே வந்துட்டு. ஐந்தருவியில அஞ்சு கிளையிலயும் தண்ணி விழுது. நம்ம லாட்ஜில சனி, ஞாயிறு ரூம் கிடையாது. உங்க அம்மாவுக்குத்தான் ஈரக்காத்து பட்டதும் முழங்கால் வலி கூடிப்போச்சு. மாடிப்படியில நின்னு நின்னு ஏறுதா. டாக்டர்கிட்ட வான்னா, சீசன் முடியட்டும்ங்கா.

தினமும் போன்ல பேசுத அப்பா எதுக்கு லெட்டர் போடுதாருன்னு நினைப்பே. உங்க அம்மா எந்தப் போனையும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவா. இது அவ காதுல விழாம உங்கிட்ட கேக்கவேண்டிய விஷயம்.

ஒரு வாரமா தென்காசி, குற்றாலம் வாட்ஸப் குரூப் எல்லாத்துலயும் ஒரு வீடியோ சுத்துது. நாப்பது செகண்ட் இருக்கும். நம்ம லாட்ஜ் கவுண்டர் தெரியுது. நான் உலகம்மையைக் கன்னத்துல அறையுத மாதிரி அதுல வருது. பத்தொன்பது வருஷமா நம்ம ரூம்களைக் கூட்டித் துடைச்சுட்டு வாரவ, அவளை நான் அடிப்பேனா? இது ஏ.ஐ. வச்சுப் பண்ணுன வேலை. கேட்டவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன்.

ஊர்ல நான் சொன்னதை நம்புதாங்க. போன வருஷம் நம்ம போதகர் மூட்டுவலி எண்ணெய் விக்குத மாதிரி ஒரு வீடியோ வந்துதே, அது போலின்னு நீதானே எடுத்துக் காட்டினே. அதுக்குப் பிறவு 'காதோரத்தைப் பாருங்க, பல்லைப் பாருங்க'ன்னு சபையில எல்லாருக்கும் நான் பாடமே நடத்தியிருக்கேன். ரூபி அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருக்காங்க.

வீடியோ கிளம்பினது கவுண்டர்ல புக்கிங் பாக்குத செண்பகவல்லி போன்ல இருந்து. அவ கம்ப்யூட்டர் படிச்சவ. சாயங்காலம் தென்காசியில ஒரு சென்டர்ல பாடமும் எடுக்கா. அவளே செஞ்சிருப்பான்னு பேச்சு. வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டேன். லாட்ஜ்காரங்க சங்கத்துல, அவ மேல போலீஸ்ல எழுதிக் குடுங்கன்னு நெருக்குதாங்க. அதுக்கு ஒரு ஆதாரம் வேணுமாம்.

போலி வீடியோ கண்டுபிடிக்குத உன் ஆபீஸ் தாள்ல, 'பரிசோதித்துப் பார்த்தோம், இது போலி'ன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பு மக்கா. பதிலை வீட்டுக்குப் போடாதே. லாட்ஜ் விலாசத்துக்குப் போடு.

உன் அன்பு அப்பா,
அய்யாக்குட்டி

---

பெங்களூரு,
06.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க லெட்டரை ஆபீஸ்லயே பிரிச்சுட்டேன். தினமும் யார் யாரோ அப்பாவை, யார் யாரோ பிள்ளையை இப்படிச் செஞ்சு அனுப்புதானுங்க, நாங்க உக்காந்து பாக்கோம். நம்ம வீட்டுக்கே வரும்னு நான் நினைக்கலை. நீங்க ராத்திரி ஒழுங்கா தூங்குதீங்களா? பிரஷர் மாத்திரையை விட்டுடாதீங்க.

கண்டிப்பா பாத்துச் சொல்லுதேன். ஆனா நீங்க அனுப்பினது பத்துக் கை மாறி வந்த வீடியோ. வாட்ஸப் ஒவ்வொரு தடவையும் அதை நசுக்கி நசுக்கி அனுப்பும். நாங்க தேடுதது எல்லாம் அந்த நசுங்கல்ல போயிரும். ஒரு முகத்து மேல இன்னொரு முகத்தை ஒட்டியிருந்தா, தலை திரும்பும்போது தாடை ஓரத்துல ஒரு நடுக்கம் தெரியும். முகத்துக்குக் குறுக்கே கை போனா விரல் கரைஞ்சு திரும்ப முளைக்கும். குரலைத் தனியா செஞ்சிருந்தா அந்த அறையோட எதிரொலி அதுல இருக்காது. இதையெல்லாம் பாக்கதுக்கு எடுத்த போன்ல இருக்க அசல் வேணும். இல்லைன்னா நம்ம கவுண்டருக்கு மேல இருக்க கேமராவுல அந்த நாள் பதிவு இருக்கும்லா, அதை எடுத்து அனுப்புங்க. அது ஒண்ணே போதும், மூணு நிமிஷத்துல முடிச்சிருவேன்.

அன்னைக்கு உண்மையில என்ன நடந்துதுன்னும் எழுதுங்க. ஒண்ணுமே நடக்கலையா, இல்லை ஏதும் சத்தம் போட்டதை எடுத்துத் திரிச்சிட்டாங்களா? அது தெரிஞ்சா எங்கே தேடணும்னு எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. செண்பகவல்லிதான் செஞ்சான்னு இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா. நான் பாத்து முடிக்குத வரைக்கும் போலீஸுக்கும் போகவேண்டாம்.

இந்த வருஷம் மங்குஸ்தான் வந்துட்டான்னு நீங்க ஒரு வார்த்தை எழுதலை. கோவம்தான்.

உங்கள் ரூபி

---

குற்றாலம்,
13.07.2025

அன்பு ரூபிக்கு,

உன் லெட்டர் கிடைச்சுது. மங்குஸ்தான் வந்துட்டு. உங்க அம்மா ஒரு பெட்டி கட்டி பஸ்ல போட்டுவிடுதேங்கா.

கவுண்டர் கேமரா கெட்டுப்போய் ஒரு மாசம் ஆகுது. இடி விழுந்ததுல போச்சு. அசல் அந்தப் பிள்ளைகிட்டதான் இருக்கும், அவ எங்கிட்ட எப்படிக் குடுப்பா? இருக்கதை வச்சுப் பாத்துச் சொல்லக்கூடாதா? போதகர் வீடியோவை வாட்ஸப்ல வந்ததை வச்சுத்தானே சொன்னே.

அன்னைக்கு நடந்ததைக் கேட்டே. ஏழாம் நம்பர் ரூம்ல தங்கினவங்க அருவிக்குக் குளிக்கப் போகும்போது கழட்டின செயினைக் காணோம்னு கவுண்டர்ல வந்து சத்தம் போட்டாங்க. அந்த ரூமைக் கூட்டினது உலகம்மை. நான் அவளைக் கூப்பிட்டு விசாரிச்சேன், அவ்வளவுதான். ஹால் நிறைய ஆள். அவ கையை ரெண்டையும் என் மூஞ்சிக்கு நேரே நீட்டி, 'பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க'ன்னு கத்துனா. அந்த நேரம் எப்படி இருந்திருக்கும்னு நீ நினைச்சுப் பாரு. நான் ரெண்டு வார்த்தை கூடப் பேசியிருப்பேன். அந்த ரூம்காரங்க ராஜபாளையம் தாண்டினதும் போன் பண்ணினாங்க, செயின் ஈரத் துண்டுக்குள்ளயே சுருண்டு கிடந்துதாம். அதோட முடிஞ்சுது. உலகம்மை மறுநாள்ல இருந்து வரலை.

செண்பகவல்லியை அந்தக் கம்ப்யூட்டர் சென்டர்லயும் நிறுத்திட்டாங்கன்னு கேள்வி. அதுக்கு நான் என்ன செய்ய? நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லலை.

28-ந் தேதி சங்கக் கூட்டம். அதுக்குள்ள உன் தாள் வந்துட்டா நல்லது. கேள்வி மேல கேள்வி கேக்கே. சொந்த அப்பாவுக்கு ரெண்டு வரி எழுததுக்கு இவ்வளவு யோசனையா?

அப்பா

---

பெங்களூரு,
21.07.2025

அப்பா,

மங்குஸ்தான் பெட்டி வந்துது. ரெண்டு பழம்தான் நசுங்கியிருந்துது. அம்மா வைக்கோல் வச்சுக் கட்டியிருந்தா.

செண்பகவல்லியை நானே போன்ல கூப்பிட்டேன். திட்டுவான்னு நினைச்சேன். 'அக்கா, நீங்களே பாருங்க'ன்னு மட்டும் சொல்லி அசலை அனுப்பிவச்சா. எடுத்த நேரம், போன் விவரம் எல்லாம் அதுலயே இருக்கு.

மூணு நாளா பாத்தேன். ஆபீஸ்ல இல்லை, வீட்டுல. முதல் நாள் போலின்னு சொல்லதுக்கு ஒரு இடம் கிடைக்காதான்னுதான் தேடினேன். நான் எந்த வீடியோவையும் அப்படித் தேடினது இல்லை. உங்க தாடை ஓரத்துல நடுக்கம் இல்லை. கை குறுக்கே போகும்போது அஞ்சு விரலும் அஞ்சு விரலாவே இருக்கு. கையோட நிழல் கவுண்டர் மேல விழுந்து, அதே வேகத்துல நகருது. சத்தம் சுவர்ல பட்டுத் திரும்புது. கவுண்டருக்கு மேல மூலையில நம்ம கேமராவோட சிவப்பு விளக்கு எரியுதுப்பா. அது கெட்டுப்போகலை.

இதெல்லாம் இல்லைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அடிச்ச பிறவு நீங்க உலகம்மை அக்காவைப் பாக்கலை, செயினைத் தொலைச்சவங்களைப் பாக்கலை. உங்க உள்ளங்கையைத் திருப்பிப் பாக்கீங்க. யாரோ உங்க கையில எதையோ வச்சுட்டுப் போன மாதிரி. போலி செய்யுதவன் அடியைச் செய்வான், அழுகையைச் செய்வான். அதுக்குப் பிறவு வார அந்த ஒரு செகண்டைச் செய்யணும்னு அவனுக்குத் தோணாது. அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பாத்தேன். அதைப் பாத்துதான் உண்மைன்னு தெரிஞ்சுது. எங்க அப்பா அதுக்குள்ள இருக்காருன்னும் தெரிஞ்சுது.

நீங்க கேட்ட தாளை என்னால தர முடியாது. மேலதிகாரிகிட்ட, இது எங்க அப்பா சம்பந்தப்பட்டது, நான் இதைத் தொடக்கூடாதுன்னு மட்டும் சொல்லியிருக்கேன். வேறே யாருக்கும் தெரியாது. ஆனா செண்பகவல்லி மேல போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்கன்னா, நான் ஊருக்கு வந்து எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவேன். இதை மிரட்டலா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தெரியாம ஒரு நாள் வந்து நிக்கதைவிட இப்பவே சொல்லுதது மேல்னு எழுதுதேன்.

நான் செய்யுத வேலையில ஒரு வார்த்தை இருக்கு, 'போலி'ன்னு. அதைச் சொன்னா ஜனங்க நம்புவாங்க. அந்த வார்த்தையை நீங்க எங்கிட்ட இருந்துதான் எடுத்தீங்க. அதை நினைச்சாத்தான் எனக்குத் தாங்கலை.

சாப்பிடாம இருக்காதீங்க. 28-ந் தேதிக்கு முன்னால எனக்கு ஒரு வரி எழுதுங்க.

ரூபி

---

பெங்களூரு,
10.08.2025

அன்பு அப்பாவுக்கு,

போன மாச லெட்டர் கிடைச்சுதா? சங்கக் கூட்டம் என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லலை. போன்ல கேட்டா ஐந்தருவித் தண்ணியைப் பத்தித்தான் சொல்லுதீங்க. நேத்து பதினொரு நிமிஷம் பேசினோம், அதுல ஒன்பது நிமிஷம் அம்மா. உங்க குரல்தான், ஆனா நீங்க பேசலை.

நான் கோவமா இல்லை. எழுத முடியலைன்னா வெறும் தாளையாவது மடிச்சு அனுப்புங்க.

உங்கள் ரூபி

---

குற்றாலம்,
24.08.2025

என் மகள் ரூபிக்கு,

வெறும் தாள் அனுப்பச் சொன்னே. நாலு தடவை அப்படியே மடிச்சு வச்சேன். தபால்ல போட மனசு வரலை. இன்னைக்கு எழுதுதேன்.

அடிச்சேன். ஹால்ல இருந்தவங்க எல்லாரும் என்னைப் பாத்தாங்க. செயினைத் தொலைச்ச அந்தம்மா, 'இதுதான் நீங்க லாட்ஜ் நடத்துத லட்சணமா'ன்னு கேட்டா. உலகம்மை கையை நீட்டினா. கை என்னையறியாம போயிட்டுன்னு எழுதத்தான் வந்தேன், அது பொய். ஹால் நிறைய ஆள் பாக்கும்போது நான் கண்டிப்பான ஆளுன்னு காட்டணும்னு இருந்துது.

மறுநாள் உங்க அம்மா போனைக் கொண்டுவந்து, 'இது நீங்களா'ன்னு கேட்டா. 'அது ஏ.ஐ.'ன்னு வாய் சொல்லிட்டு. ஒரு நாள் தாங்கினா போதும்னு நினைச்சேன். சாயங்காலத்துக்குள்ள பத்துப் பேர் வந்து எனக்கு ஆறுதல் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை சபையில எனக்காக ஜெபம் பண்ணினாங்க. போலி செஞ்சவ மனசு திருந்தணும்னும் ஜெபம் பண்ணினாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு ஆமென் சொன்னேன் ரூபி. அதுக்குப் பிறவு திரும்ப வழி தெரியலை.

உன் லெட்டர் வந்த அன்னைக்கு ஏழாம் நம்பர் ரூம் காலியா இருந்துது. அங்கன உக்காந்து படிச்சேன். 28-ந் தேதி கூட்டத்துல, புகார் குடுக்கலைன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்ல தைரியம் இல்லை. பெரிய மனசுன்னு கை தட்டினாங்க. அந்தக் கைதட்டலோட பத்து நாள் நடமாடினேன்.

பிறவு உங்க அம்மாகிட்டதான் முதல்ல சொன்னேன். அவ வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தா. தலை நிமிரலை. 'அன்னைக்கே தெரியும்'னா. 'பின்னே ஏன் ஒண்ணும் கேக்கலை'ன்னேன். 'கேட்டேன்லா. நீங்க இல்லைன்னு சொன்னீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்'னா. பிறவு முழங்கால் வலியோட எங்கூடவே இலஞ்சிக்கு வந்தா, உலகம்மை வீட்டுக்கு.

உலகம்மை இப்போ சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்திக் காட்டு வேலைக்குப் போறா. அப்போதான் வந்து கை கால் கழுவிக்கிட்டு நின்னா. உள்ளே வாங்கன்னு கூப்பிடலை. நான் வாசல்ல நின்னே சொன்னேன்.

"உலகம்மை, நான் உன்னை அடிச்சேன். அடிச்சுட்டு அடிக்கலைன்னும் சொல்லிட்டேன்."

அவ ஈரக் கையைச் சேலையில துடைச்சா. பிறவு சொன்னா: "அண்ணாச்சி, அடி வாங்கின அன்னைக்கு அழுதேன், அதோட போச்சு. அடிக்கவே இல்லைன்னு நீங்க சொன்னீங்க பாத்தீங்களா, அதுக்குத்தான் எனக்கு என்ன செய்யன்னு தெரியலை. என் மக வந்து, 'யம்மா, நெசமாவே அடிச்சாரா, இல்ல வீடியோவைப் பாத்துட்டு நீயும் சொல்லுதியா'ன்னு கேக்கா. ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்துட்டு. கண்ணாடி முன்னால கன்னத்தைத் தடவிக்கிட்டு நின்னேன்."

உங்க அம்மா அழுதுட்டா. நான் மன்னிச்சிருன்னேன். "அதைப் பொறவு பாப்போம்"னா. "எங்கிட்ட சொன்னதை அவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. முதல்ல அந்தப் பிள்ளைக்கு வழி பண்ணுங்க."

செண்பகவல்லி வீட்டுக்குப் போனேன். உன் போன்லயே எடும்மான்னேன். "வெட்டாம ஒரே மூச்சுல பேசுங்க சார். நிறுத்தி நிறுத்தி எடுத்தா சந்தேகப்படுவாங்க"ன்னா. ரெண்டு நிமிஷம் பேசினேன். அடிச்சது நான், பொய் சொன்னது நான், இந்தப் பிள்ளை எடுத்தது அத்தனையும் உண்மைன்னு சொன்னேன். அதே குரூப்கள்ல அனுப்பினோம்.

மறுநாள் என்ன நடந்துது தெரியுமா? அதுவும் ஏ.ஐ.ன்னு சொல்லிட்டானுவ. அண்ணாச்சி குரலை எடுத்து அந்தப் பிள்ளை இன்னொண்ணு செஞ்சிருக்கான்னு. என் காதைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டு, 'காதோரத்தைப் பாருங்க'ன்னு ஒருத்தன் அனுப்பியிருக்கான். நம்ம சபைக்காரன்தான். நான் நடத்தின பாடம்தான். அவளுக்குத்தான் இன்னும் கூட ஏச்சு விழுந்துது.

அதுக்குமேல வீடியோவை நம்பி இருக்க முடியாதுன்னு தெரிஞ்சுட்டு. போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் எந்திச்சு முன்னால போய் நின்னேன். 'ரெண்டு வீடியோவுலயும் இருக்கது நான்தான். இங்கன நிக்கது மாதிரியே அங்கனயும் நின்னேன்'னு சொன்னேன். சபைக் கமிட்டியில இருந்தும் விலகிட்டேன். திங்கக்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்குச் செண்பகவல்லியோட போய் அதே வார்த்தையைச் சொன்னேன். பிறவு சங்கத்து ஆளுக ஒவ்வொருத்தர் லாட்ஜுக்கும் போனேன். 'எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை, ஊரே உங்க பக்கம்தானே இருந்துது'ன்னு ஒருத்தர் கேட்டாரு. இன்னொருத்தர் என்னை உக்காரக்கூடச் சொல்லலை. அவரு செஞ்சதுதான் சரி.

சென்டர்ல அவளைத் திரும்பச் சேத்துக்கிட்டாங்க. நம்ம லாட்ஜுக்கு வருவியான்னு கேட்டேன். "வரலை சார்"னு சொல்லிட்டா. உலகம்மையும் வரலை. ரெண்டு பேரும் வரணும்னு எதிர்பாக்க எனக்கு என்ன இருக்கு.

இன்னும் பாதிப்பேர் நம்பலை. அடிக்காத ஆளு அடிச்சேன்னு சொல்லுதாரு, யாரோ மிரட்டுதாங்கன்னு பேசிக்கிடுதாங்க. பாத்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

நீ ஒரு தடவைகூட எங்கிட்ட கத்தலை மக்கா. இனி நீ ஊருக்கு வந்தா உன் மூஞ்சியைப் பாத்து நான் எப்படிப் பேசுவேன்னு தெரியலை.

உன் அப்பா,
அய்யாக்குட்டி

---

பெங்களூரு,
30.08.2025

அன்பு அப்பாவுக்கு,

லெட்டர் நேத்து வந்துது. ஆபீஸ்ல பிரிக்கலை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சேன். செண்பகவல்லி உங்க ரெண்டாவது வீடியோவையும் அனுப்பியிருந்தா. அதை எந்த மிஷின்லயும் போடலை. சும்மா பாத்தேன். சட்டைப் பொத்தானை ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க. அம்மா கவனிக்கலையா?

எனக்கும் சொல்லவேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க முதல் லெட்டர் வந்த அன்னைக்கே நான் உலகம்மை அக்காவைப் போன்ல கூப்பிட்டிருக்கலாம். 'அக்கா, உங்களுக்கு என்ன நடந்துது'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். அவங்க நம்பர் எங்கிட்ட இருக்கு. நான் அசல் வேணும், கேமராப் பதிவு வேணும்னு கேட்டேன். மூணு வாரம் வீடியோவைக் கேட்டேன், அடி வாங்கினவங்களைக் கேக்கலை. எனக்கு அது தோணக்கூட இல்லை. நீங்க வாசல்ல நின்ன மாதிரி நானும் போய் நிக்கணும்.

பத்து நாள் லீவு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு பஸ் தென்காசி வரும். அம்மாவை அனுப்பாதீங்க, அவளுக்குக் கால் வலி. ஆட்டோவும் சொல்லவேண்டாம். நீங்களே வாங்க.

என் மூஞ்சியைப் பாக்க முடியலைன்னா பாக்கவேண்டாம்பா. பையை வாங்கிக்கிடுங்க. இந்தத் தடவை கனமாத்தான் இருக்கும்.

உங்கள் மகள்,
ரூபி